மானியம் வரும்வரை பாடம் இல்லை

மனிதரில் மானியஜீவி என்றொரு வகை உண்டு. காற்றையும் தண்ணீரையும் உட்கொண்டுதான் அவரும் உயிர்வாழ்கிறார் என்றாலும், மூச்சை இழுத்து உள்ளே வைத்துக்கொண்டு, "வெளிய உடறதுக்கு ஸ்கீம் எதாச்சும் இருக்குதுங்களா?" என்று ஆடிட்டரை ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் விடுவார். திருப்பூரில் இந்த வகை செழித்து வளர்கிறது. அங்குள்ள ராயபுரத்தில் ஒன்று, பனியன் கம்பெனி நடத்துகிறது. பெயர் செல்வக்குமார்.

கனடாவிலிருந்து துணி கொள்முதலுக்கு வந்த பையர் ஒருவர், இளநீர் குடித்துக்கொண்டே வாயை விட்டுவிட்டார். அவருடைய மாகாணத்தில் பிள்ளைக்கு வீட்டிலேயே பாடம் சொல்லித்தருகிறவர்கள் பள்ளி வாரியத்தில் பதிந்துகொண்டால், செலவில் ஒரு பங்கை வாரியமே திருப்பித் தருமாம். செல்வக்குமார் தன் இளநீரைக் கீழே வைத்துவிட்டார்.

"கட்டிங், செக்கிங், பேக்கிங் எல்லாம் நம்ம ஊட்டுக்குள்ளயே நடக்குது. பாப்பாவை மட்டும் ஏன் ஜாப் வொர்க்குக்கு வெளிய குடுத்து வெச்சிருக்கோணும்? அங்க மானியம் உண்டுன்னா இங்கயும் ஒரு ஸ்கீம் இல்லாமயா போகும்?" என்றார் மனைவி ஜெயபாரதியிடம். ஒன்பதாவது முடித்த மகளைப் பள்ளியிலிருந்து நிறுத்தினார். பத்தாம் வகுப்புப் புத்தகங்களை வாங்கினார். வாங்கியதும் என்ன செய்தார்? அட்டைப்பெட்டியில் போட்டு டேப் ஒட்டினார்.

ஜெயபாரதி ஒரு வாரம் பார்த்தாள். "ஏனுங்க, கணக்காச்சும் ஆரம்பிக்கட்டுங்களா?"

"அவசரப்படாத. சாங்ஷன் ஆறதுக்கு முந்தி மிஷினை எறக்குனா மானியம் போயிரும்னு ஊருக்கே தெரியும். நம்ம சாமியப்பண்ணன் அப்பிடித்தான் கோட்டை உட்டாரு. பொறகு இன்ஸ்பெக்சன்ல, 'ஏற்கெனவே படிச்சுட்டு இருக்கற புள்ளைக்கு எதுக்குங்க மானியம்'னு கேட்டா நீ பதில் சொல்லுவயா?"

 

ஊரெல்லாம் பிள்ளைகள் பாடப்புத்தகத்துக்குள் கதைப்புத்தகத்தை ஒளித்து வைத்துப் படிக்க, அந்த வீட்டில் மட்டும் ஒரு பெண் பக்கத்து வீட்டில் கடன் வாங்கிய அறிவியல் புத்தகத்தை வாரப் பத்திரிகைக்குள் ஒளித்துப் படித்துக்கொண்டிருந்தாள். அப்பாவின் செருப்புச் சத்தம் கேட்டால் ஒளிச்சிதறல் பாடத்தை மூடிவிட்டு நடிகையின் படத்தைப் பார்ப்பாள். "சமத்து" என்று சொல்லிவிட்டுப் போவார் செல்வக்குமார். கூடப் படித்தவர்கள் காலாண்டுத் தேர்வுக்குத் தயாராகிக்கொண்டிருந்தார்கள். இவளுக்கு எந்தத் தேர்வும் இல்லை. ஒரு பதிவும் இல்லை. வருஷம் போய்விடுமோ என்று ஜெயபாரதி பயந்தாள். திறந்தநிலைப் பள்ளி வாரியத்தில் பதிந்தால் வீட்டிலிருந்தே பத்தாவது எழுதலாம் என்று அவள்தான் விசாரித்து வந்தாள். கடைசி நாளன்று கணவரையும் மகளையும் காரில் ஏற்றிக் கூட்டிவந்ததும் அவள்தான்.

பதிவு மையத்தில் படிவம் வாங்குகிற விஜயராணி மேடம் இருந்தார்.

"இன்ஸ்பெக்சனுக்கு எப்பங்க வருவீங்க?" என்றார் செல்வக்குமார்.

"எதுக்கு சார்?"

"யூனிட்டைப் பாக்கறதுக்குங்க."

"எந்த யூனிட்டு?"

செல்வக்குமார் மகளைச் சுட்டிக் காட்டினார்.

 மேடம் பெண்ணைப் பார்த்து, "இத்தன நாளு வீட்டுல என்னம்மா படிச்ச?" என்றார்.

அவள் அப்பாவை ஒருமுறை பார்த்துக்கொண்டாள். "இன்னும் சாங்ஷன் வரலீங்க மேடம்."

"சார், மானியம்னு இங்க ஒண்ணும் கெடையாது. பீஸு நீங்கதான் கட்டணும். இன்னைக்கு சாயங்காலத்தோட பதிவும் முடிஞ்சிரும்."

"ஏற்றுமதி பண்ணுனா வரியத் திருப்பித் தருவாங்களே டிராபேக், அது மாதிரி பின்னாடி எதாச்சும் வருமுங்களா?"

"புள்ளைய ஏற்றுமதியா சார் பண்ணப் போறீங்க?"

செல்வக்குமார் அசரவில்லை. மானியஜீவி எப்போது அசந்திருக்கிறார்? "அப்பப் பொறுத்துப் பாப்பமுங்க. அடுத்த வருசம் ஸ்கீமு வந்தாலும் வரும். ஒரு வருசந்தானே."

ஒரு வருசந்தானே. அவருடைய வருஷமா அது?

பெண் தலையைக் குனிந்துகொண்டாள். ஜெயபாரதி மேசை மீதிருந்த படிவத்தைத் தன் பக்கம் இழுத்தாள்.

"ஜெயபாரதி, கையெழுத்தைப் போட்டயின்னா இனி எந்தக் காலத்துலயும் மானியம் வராது, பாத்துக்க."

"வராட்டிப் போகுதுங்க" என்று சொல்லிக்கொண்டே பெற்றோர் என்ற இடத்தில் கையெழுத்திட்டாள். "நீங்க வெளிய போயி இருங்க. பார்க்கிங்குக்கு ஸ்கீம் இருக்குதான்னு கேட்டுட்டு வாங்க."

பெண் சிரித்துவிட்டாள். அப்பா கேட்கப் போய்விட்டார்.

செல்வக்குமாரைப் பார்த்துச் சிரிப்பது எளிது. நீங்கள் அப்படியில்லை; தெரியும். உங்களுடைய நடைப்பயிற்சி, நல்ல ஷூ தள்ளுபடியில் வரட்டும் என்றுதான் நிற்கிறது. அண்ணனிடம் பேசாதது, அவரே முதலில் கூப்பிடட்டும் என்பதால். பிடித்ததைச் செய்யாதது, இந்த ஆர்டர் முடியட்டும் என்பதால். எல்லாவற்றுக்கும் நியாயமான காரணம் இருக்கிறது. ஒன்றை மட்டும் விசாரித்து வையுங்கள்: உங்களுக்குச் சாங்ஷன் தர வேண்டிய அந்த ஆசாமிக்கு, நீங்கள் காத்திருக்கிற விஷயமே தெரியுமா?