மூணாவது பாட்டைப் பற்றி மாமாவுக்கு

அன்பும் கோபமும் ஒருசேர உள்ள மாமாவுக்கு,

உங்கள் அக்கா மகன் எழுதிக்கொள்வது. இங்கே நான் நலம், என் போன் நலமில்லை. அங்கே நீங்களும் அத்தையும் நலமாக இருப்பதோடு, அந்த அக்கார்டியன் பெட்டியும் இன்னும் உங்கள் மடியை விட்டு இறங்காமல் இருக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். செவ்வாய்க்கிழமையிலிருந்து நான் கூப்பிட்டால் நீங்கள் எடுப்பதில்லை. அத்தைதான் எடுத்து, "உங்க மாமா உன்கிட்ட பேச மாட்டாராம். ஞாயித்துக்கிழமை ஆள் வந்து பெட்டியைத் தூக்கிட்டுப் போகப் போறாங்க. எனக்கு நிம்மதிதான். ஆனா மனுஷன் சோறு திங்க மாட்டேங்குறாரேடா" என்றார். அதனால்தான் கடிதம். எங்கள் சலவைக் கம்பெனி வண்டியை ஓட்டும் அண்ணன் நாளை சனிக்கிழமை காலை உங்கள் தெரு வழியாகப் போகிறார். அவர் கையில் கொடுத்தனுப்புகிறேன். கிழிப்பதென்றால் கடைசிவரை படித்துவிட்டுக் கிழியுங்கள்.

உண்மையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நீங்கள் வாசித்து அனுப்பிய பதினேழு பாட்டுகளில் ஒன்றைக்கூட நான் கேட்கவில்லை. கேட்டதாகச் சொன்னது பச்சைப் பொய்.

ஆனால் கேட்கப் பட்ட பாடு பொய்யில்லை மாமா. கம்பெனி வைஃபை முதலாளி வருகிற நாளில் மட்டும்தான் உயிரோடு இருக்கும் என்பதால் என் சொந்த டேட்டாவைக் கரைத்து உங்கள் பாட்டை இறக்கினேன், இறங்கியதும் போன் "இந்தக் கோப்பைத் திறக்க முடியாது" என்றது, என் அறையில் இருக்கும் தேய்ப்பு இயந்திரக்காரனை நாங்கள் விஞ்ஞானி என்று கூப்பிடுவோம், அவன் வாங்கிப் பார்த்துவிட்டு "பாட்டோட வால் சரியில்லடா" என்று பெயருக்குப் பின்னால் புள்ளிக்கு அப்புறம் இருக்கும் எழுத்துகளை மாற்றினான், உடனே பதினேழு பாட்டும் பதினேழு போட்டோவாகிவிட்டன, எல்லாம் வெறும் சாம்பல் கட்டம், போன் அவற்றையெல்லாம் சேர்த்து "இனிய நினைவுகள்" என்று ஆல்பம் போட்டுக் காட்டியது. அதை அழிக்கப்போய், நீங்கள் கண்டக்டர் உடுப்பில் பஸ் படிக்கட்டில் நிற்கும் படமும் சேர்ந்து அழிந்தது. அதற்குத் தனியாக மன்னிப்பு. போன ஞாயிற்றுக்கிழமை செல்போன் கடைக்கு எடுத்துப்போனேன். கடைக்காரர், "இது பழைய ரெக்கார்டர்ல பதிஞ்சது தம்பி. உன் போனுக்கு இந்த பாஷை தெரியாது. மாத்தித் தரேன்" என்று மாற்றிப் போட்டுக் கொடுத்தார். "ஒண்ணு போட்டுப் பாக்குறியா?" என்றார். வேண்டாம் என்றேன். நாலு பேர் போன் கவர் பேரம் பேசிக்கொண்டிருந்த இடத்தில், ரிட்டயர்டாகி அறுபது வயதில் நீங்களே கற்றுக்கொண்டு, எதிரொலி நன்றாக இருக்கிறதென்று பாத்ரூமில் உட்கார்ந்து பதிந்த பாட்டைத் திறக்க எனக்கு மனசு வரவில்லை. தனியாகக் கேட்க வேண்டும் என்று சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வந்தேன்.

என் அறை தெரியுமல்லவா? கம்பெனி கொடுத்தது, துணி உலர்த்தும் அறைக்கு நேர் மேலே. கீழே உலர்த்தும் மெஷின்கள் உறுமும். தரை எந்நேரமும் தோசைக்கல் மாதிரி சுடும். இதற்கு "தங்குமிட வசதி" என்று சம்பளச் சீட்டில் பெயர். காலை ஷிஃப்ட் முடிந்து திங்கட்கிழமை மதியம் படுத்துக்கொண்டு முதல் பாட்டைத் தொட்டேன். கோடு நகர்ந்தது. நொடிகள் ஓடின. சத்தம் மட்டும் இல்லை. யாராவது கூப்பிட்டால் பேச்சு கேட்கிறது, பாட்டுக்குத்தான் ஊமை. சத்தத்தைக் கூட்டினேன், அணைத்துப் போட்டேன், பல் துலக்கும் பிரஷ்ஷால் ஓட்டையைச் சுத்தம் செய்தேன், விஞ்ஞானி சொன்னானென்று அரை நாள் அரிசிக்குள் புதைத்தும் பார்த்தேன். இயர்போன் போட்டுக் கேட்கலாமே என்பீர்கள். அதைப் பையிலேயே விட்டுச் சட்டையைத் துவைத்துவிட்டேன். ஒரு நாளைக்கு ஆயிரம் படுக்கை விரிப்பு துவைக்கிற கம்பெனியில் வேலை பார்க்கிறவன்.

பிறகு என்ன செய்தேன் தெரியுமா? சிரிக்காதீர்கள். சத்தமில்லாமலேயே கேட்டேன். ஜன்னலுக்கு வெளியே ஆவி புகைபோக்கியிலிருந்து வெள்ளையாய் எழும்பிக் கலைகிறது. முதுகுக்குக் கீழே தரை அதிர்கிறது. கோடு மெல்ல நகர்கிறது. பெட்டியின் மடிப்புகள் விரிவதும் சுருங்குவதும் எனக்குத் தெரிந்தன. நானும் ஒரு அக்காவும் ஆளுக்கொரு முனையைப் பிடித்து விரிப்பை மடிக்கும்போது அது காற்றை வாங்கிப் பொங்கி அடங்குமே, அப்படி. ஏழாவது பாட்டில் உங்கள் கடைசி பஸ் ஆளில்லாமல் போனது. விளக்கு எரிகிற வெற்று இருக்கைகள் ஒவ்வொன்றுக்கும் நீங்கள் டிக்கெட் கிழித்துக் கொடுத்தீர்கள். தினமும் மதியம் பதினேழையும் ஓடவிட்டு இப்படியே கிடந்தேன். தூங்கினேனா, கேட்டேனா, எனக்கே தெரியாது.

அந்த மயக்கத்தில் இருந்தபோதுதான் செவ்வாய்க்கிழமை நீங்கள் கூப்பிட்டீர்கள்.

"கேட்டியாடா?"

"கேட்டேன் மாமா. கண்ணுல தண்ணி வந்துடுச்சு."

"ஒளிக்காம சொல்லு. நல்லா இல்லைன்னா நான் பெட்டியைக் குடுத்துடுறேன். உங்க அத்தையும் பாத்ரூம் எப்ப காலியாகும்னு காத்துக்கிட்டு இருக்கா. எதுடா ரொம்பப் புடிச்சுது?"

"மூணாவது மாமா. ஒரு மனுஷன் எத்தனை வருஷத்து வேதனையை அடக்கி வச்சிருந்தா அப்படி வாசிப்பான்!"

நீங்கள், "மூணாவது நான் பிளம்பரைத் திட்டுனதுடா. ரெக்கார்டரை அணைக்க மறந்துட்டேன்" என்று சொல்லி வைத்துவிட்டீர்கள்.

இந்தப் போன் ஊமையானதற்குக் காரணம் இருக்கிறது. போன மாதம் எங்கள் முதலாளி வெளியூரிலிருந்து பேசி அனுப்பிய பேச்சை உலர்த்தும் அறை ஸ்பீக்கரில் போட வேண்டியிருந்தது. சூப்பர்வைசர் போனில் சார்ஜ் இல்லை. என் போனைப் பிடுங்கி ப்ளூடூத்தில் இணைத்தார். நாம் எல்லோரும் ஒரே குடும்பம் என்று முதலாளி இருபது நிமிடம் பேசினார். குடும்பமாம்! ஒன்றுக்குப் போனால் நேரம் குறிக்கிற குடும்பம் எந்த ஊரில் இருக்கிறது? அந்தப் பேச்சைத் தாண்டி வந்த நாளிலிருந்துதான் போனின் தொண்டை அடைத்துப் போயிருக்க வேண்டும்.

ஒரு நல்ல செய்தியும் உண்டு. உலர்த்தும் அறை வாசலில் வெந்நீர்க் குழாய் எட்டு மாதமாக ஒழுகி, வண்டி தள்ளும் ஒரு அக்காவின் முழங்கை வெந்தே போனது. சூட்டை வெளியே தள்ளும் ஃபேனும் அதே எட்டு மாதமாக ஓடவில்லை. மூன்று மனு எழுதினேன். "மேலிடத்துக்கு அனுப்பியிருக்கேன்" என்பார் சூப்பர்வைசர். அவருக்கு மேலிடம் என்பது மேஜை டிராயர். ஆனால் புதன்கிழமை திடீரென்று குழாயை மாற்றிவிட்டார்கள். சூப்பர்வைசரே ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றார்! மூன்றாவது மனுவில் சட்டப் பிரிவு எண் போட்டிருந்தேன், அதில் ஆடிப்போய்விட்டார். கூர்மையாக எழுதினால் நடக்கும் மாமா.

ஆகவே சொல்ல வந்தது: உங்கள் பாட்டைப் பற்றி நல்லதோ கெட்டதோ சொல்ல எனக்கு அருகதை இல்லை. என் பொய்யை வைத்துப் பெட்டியைக் கொடுத்துவிடாதீர்கள். கொடுத்துத்தான் தீருவேன் என்றால் வேறு யாராவது காதுள்ள மனிதரிடம் ஒருமுறை கேட்டுவிட்டுக் கொடுங்கள்.

அத்தைக்கு என் வணக்கம். பாத்ரூம் கதவுக்கு வெளியே அவர் காத்து நின்ற நேரங்களுக்கு என் அனுதாபம். நீங்கள் வேளைக்குச் சாப்பிட வேண்டும், அதையும் என்னைத் திட்டிக்கொண்டே சாப்பிட வேண்டும் என்று வேண்டிக்கொள்ளும்,

உங்கள் பொய்க்கார மருமகன்.

பின்குறிப்பு: மேலே எழுதியதில் என் கையெழுத்தைத் தவிர எதையும் நம்ப வேண்டாம். இப்போது சனிக்கிழமை காலை. வண்டிக்கார அண்ணன் ஹார்ன் அடிக்கிறார். கடிதத்தை ஒட்டப் போகும்போது முழங்கை வெந்த அந்த அக்கா வந்து, "தம்பி, மத்தியானம் ஸ்பீக்கர்ல ஒரு பெட்டி வாசிக்குதே, இன்னிக்கும் வருமா?" என்றார்.

"எந்தப் பெட்டி?"

"திங்கக்கிழமையில இருந்து தினமும் வருதே. எங்க ஷிஃப்ட் பூரா அதைத்தான் முணுமுணுக்குது. அதுலயும் மூணாவதா ஒருத்தர் திட்டுவாரே, அதுதான் எங்களுக்கு உசிரு! 'ஆறு மாசமா ஒழுகுது, கண்ணு தெரியலையா? இதைக்கூட சரி பண்ணலைன்னா நீ எதுக்குய்யா இருக்கே?' நடுநடுவுல பெட்டி வேற கூடச் சேர்ந்து அழும். சூப்பர்வைசர் அது முதலாளி தன்னைத்தான் திட்டுறார்னு நெனச்சு, ரெண்டாவது நாளே பிளம்பருக்கு ஓடினார்."

மாமா, என் போன் அந்த ஸ்பீக்கரை விடவே இல்லை. நான் மேலே ஊமைப் பாட்டு கேட்டுக் கிடந்தபோது நீங்கள் கீழே பன்னிரண்டு பேருக்குக் கச்சேரி செய்திருக்கிறீர்கள். என் மூன்று மனுவும் டிராயரில்தான் இருக்கின்றன. இணைப்பைத் துண்டித்தால் நானும் கேட்கலாம். துண்டிக்க மாட்டேன். இன்று மதியம் சுடுகிற தரையில் காதை வைத்துப் படுத்துக்கொள்கிறேன், ஏதாவது ஏறி வருகிறதா பார்ப்போம்.

நாளை வருகிற ஆளைத் திருப்பி அனுப்புங்கள். ஃபேன் இன்னும் ஓடவில்லை. பதினெட்டாவது பாட்டில் அதைப் பற்றித் திட்டி, சீக்கிரம் அனுப்பிவையுங்கள்.