பெட்டிக்கு ஒரு கிலோ

"ஒரு நாட்டுக்கே இவ்ளோதானா?" என்றார் ராஜவேல். குடோனில் இன்னும் டேப் ஒட்டாமல் அடுக்கியிருந்த பெட்டி ஒன்றிலிருந்து எடுத்த, கட்டைவிரல் நீளப் பொட்டலம் ஒன்று அவர் கையில் இருந்தது. உள்ளே வெள்ளைவெளேரென்று மணிமணியாக உப்பு. மேலே இங்கிலீஷில் என்னமோ எழுதியிருந்தது. கம்பெனி பேராக இருக்கும் என்று விட்டுவிட்டார்.

பெட்டிகளில் இருந்தவை, புயலில் மூழ்கிப்போன ஒரு தீவு நாட்டு ஆஸ்பத்திரிகளுக்குப் போகிற ஆக்சிஜன் மெஷின்கள். ஆரோவில் பக்கத்து டிரஸ்ட் ஒன்று திரட்டியது. லாரி வரும்வரை வைத்துக்கொள்ள, மரக்காணம் உப்பளக்காரரான ராஜவேல், இன்னும் மூட்டை ஏற்றாத தன் புதுக் குடோனை வாடகையில்லாமல் கொடுத்திருந்தார்.

வீடுவாசல் இழந்த சனத்துக்கு மெஷினோடு சமையலுக்கு உப்பும் அனுப்புகிறார்கள், நல்ல மனசுதான். ஆனால் பெட்டிக்கு ஒரு சிட்டிகையா? அதுவும் தன் குடோனிலிருந்து வேற ஊர் உப்பா? ராஜவேலுக்கு மானமே போனது மாதிரி இருந்தது. எல்லாப் பெட்டியிலும் கைவிட்டுப் பொட்டலங்களைப் பொறுக்கினார். பெட்டிக்கு ஒரு கிலோ வீதம், மனைவி பேர் போட்ட 'சூர்யகலா உப்பு' பாக்கெட்டைத் திணித்தார்.

பொறுக்கியதை வீசவும் மனசு வரவில்லை. வெளியே வழியனுப்பு விருந்துக்குச் சமைத்துக்கொண்டிருந்த சாமுண்டீஸ்வரியிடம் கொடுத்து, சாம்பாரில் போட்டுக்கொள்ளச் சொன்னார். பெட்டிகளுக்கு டேப் ஒட்ட ஆள் வரச் சொல்லிவிட்டு, வெள்ளை வேட்டி மாற்ற வீட்டுக்குப் போனார்.

திரும்பியபோது பெட்டிகள் டேப் ஒட்டி லாரியில் ஏறியிருந்தன. டிரஸ்ட் டாக்டர் சத்யப்ரியா வந்திருந்தார். பந்தியில் பாதி ஊர் உட்கார்ந்திருந்தது. ராஜவேல் பெருமை தாங்காமல், அந்தச் சின்னப் பாக்கெட் உப்பு எந்த மூலைக்குப் பத்தும் என்று டாக்டரிடம் பேச்சைத் தொடங்கினார்.

"அது உப்பு இல்லீங்க, சிலிகா ஜெல். ஈரத்த இழுத்துக்கும். கடல்ல போற மெஷினாச்சே, அது இல்லன்னா உள்ள ஈரம் பூந்து பாழாயிடும்" என்றார் டாக்டர். உப்பு மட்டும் கிட்டவே வரக்கூடாது, அதனால்தான் மூட்டை ஏற்றாத குடோனாகக் கேட்டு வாங்கினோம் என்றும் சொன்னார்.

ராஜவேல் லாரியைத் திரும்பிப் பார்த்தார். அங்கே எந்தப் பிள்ளையோ மூச்சுக்குத் திணறும்போது இவர் உப்பால் மெஷின் துருப்பிடித்து நிற்குமே, ஐயோ பாவம். உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை, ஊரே பார்த்துக்கொண்டிருக்கிறது. சாப்பிடாமல் போகக்கூடாது என்று டிரைவரையும் டாக்டரையும் பந்தியில் அழுத்தி உட்கார வைத்தார். அவர்கள் எழுந்திருப்பதற்குள் பெட்டிகளைப் பிரித்துச் சரிசெய்துவிடலாம் என்று கணக்குப் போட்டார்.

டாக்டர் ஒரு வாய் சாப்பிட்டார். சாம்பார் பிரமாதம் என்றார்.

அப்போதுதான் பொட்டலங்கள் எங்கே போயின என்பது ராஜவேலுக்கு உறைத்தது.

"யாரும் சாப்பிடாதீங்க, சாம்பார்ல பல்லி" என்று கத்தினார்.

அவ்வளவுதான். இரண்டு தடவை சாம்பார் வாங்கியவர்களுக்கெல்லாம் வயிற்றைப் பிசைந்தது. ஒருத்தர் தலை சுற்றுகிறது என்று சாய, பக்கத்திலிருந்தவர் அவர் மேலேயே சாய்ந்தார். பஞ்சாயத்துத் தலைவருக்கு மேல்மூச்சு வாங்கியது. டாக்டர் கைகூடக் கழுவாமல் எழுந்து, லாரியிலிருந்து ஒரு ஆக்சிஜன் மெஷினை இறக்கச் சொன்னார்.

ராஜவேல் லாரிக்குக் குறுக்கே நின்றார். அது வெளிநாட்டுச் சொத்து, தொடக்கூடாது என்றார். டிரைவர் அவரை அலாக்காகத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டு டேப்பைக் கிழித்தார்.

இனி மறைக்க வழியில்லை. "பல்லியும் இல்ல ஒண்ணும் இல்ல மேடம். பாக்கெட்ட எடுத்துட்டு உப்ப வச்சேன். அந்த பாக்கெட்டுதான் சாம்பார்ல கெடக்குது. எல்லாம் நான் பண்ணதுதான்" என்று கண்ணை மூடிக்கொண்டார்.

பல்லி இல்லை என்றதும் தலைவருக்கு மூச்சு சீரானது. சாய்ந்தவர்கள் எழுந்து தங்கள் இலையைத் தேடினார்கள். டாக்டர் பெட்டிக்குள் கையை விட்டார். சின்னப் பொட்டலம்தான் வந்தது. அடுத்த பெட்டியிலும் அதேதான். சூர்யகலா உப்பு எதிலும் இல்லை.

ராஜவேல் மெல்லக் கண்ணைத் திறந்து சாமுண்டீஸ்வரியைப் பார்த்தார். அவள் நிதானமாக அடுத்த இலைக்குச் சாம்பார் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"நாக்குல வச்சிப் பாத்தேன் மொதலாளி, கொஞ்சங்கூடக் கரிக்கல; தானமா போறதுக்கு இது போதும்னு அதைத் திரும்பப் பெட்டியிலயே போட்டுட்டு, நம்ம உப்ப சமையலுக்கு எடுத்துக்கினேன்."