பொட்டு வைத்த பன்றிகள்

திருவொற்றியூர் வருவதற்குள் பெட்டியில் சதை கெடாமலிருக்கப் போட்ட உலர்பனிக்கட்டி முழுக்கப் புகையாகப் போய்விட்டது. முன்னால் கன்டெய்னர் லாரிகள் அசைவதாக இல்லை. ஆட்டோவில் துரையின் மடியில் பன்னிரண்டு குப்பிகள்: ஆறில் நாட்டுக் கருப்புப் பன்றியின் சதை, ஆறில் சீமை வெள்ளைப் பன்றியின் சதை.

துரை கால்நடை ஆய்வகத்தில் உதவியாள். ஆராய்ச்சி அங்கே படிக்கும் மாணவி வியாசர்பாடி மதியுடையது. அத்திப்பட்டில் பன்றி வளர்க்கும் அங்கம்மாவிடம் இரண்டு ரகமும் உண்டு என்று அடித்துச் சொன்னவன் துரைதான். மதி காய்ச்சலில் படுத்ததால் தனியாகப் போனான். அனல்மின் நிலையத்துக்குப் பக்கத்தில், விடிகாலை மூட்டத்தில், பட்டியில் ஒன்று கருப்பாகவும் ஒன்று வெள்ளையாகவும் நின்றன. விரலை நீட்டினான், அங்கம்மா வெட்டித் தந்தாள்.

"ரெண்டுக்கும் மரபணு எழுத்து கிட்டத்தட்ட ஒண்ணுதாண்ணா. ஆர்.என்.ஏ.ன்ற சீட்டு மேல ஏர்ற கெமிக்கல் பொட்டுதான் சதை எவ்ளோ வளரணும்னு சொல்லுது" என்று மதி விளக்கியது துரைக்குப் பாதிதான் புரிந்தது. மீதி எதற்கு? ஆய்வேட்டின் நன்றிப் பக்கத்தில் அவன் பெயரைப் போடுவதாகச் சொல்லியிருந்தாளே. ரேஷன் கார்டைத் தவிர எதிலும் அச்சேறாத பெயர். வழியெல்லாம் பெட்டியைத் திறந்து வைத்து, வெள்ளைப் புகையில் அது கொட்டை எழுத்தில் மிதப்பதைப் பார்த்துக்கொண்டே வந்தான். திறந்தால் பனி நிற்காது என்பது பிறகுதான் உறைத்தது.

காசிமேட்டில் மீன் ஐஸ் வாங்கிக் கொட்டினான். ராயபுரத்தில் ஐஸ் தண்ணீரானது. எது கருப்பு, எது வெள்ளை என்று குப்பிகளில் ஒட்டியிருந்த பெயர்ச்சீட்டுகள் கழன்று மிதந்தன.

உண்மையைச் சொன்னால் நன்றிப் பக்கம் போச்சு. ஆட்டோவை நிறுத்தி, ராயபுரம் ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்து ஒவ்வொரு குப்பியாக வெயிலில் பிடித்தான். கருத்த சதை கருப்பு, வெளுத்த சதை வெள்ளை என்று புதுச்சீட்டு ஒட்டினான். பார்க்கப் பார்க்க எல்லாமே ஒரே ரோஜா நிறமாகத் தெரிந்தது. கடைசி நான்கைச் சாமி விட்ட வழியென்று பிரித்தான்.

மாதக்கணக்கில் மதியின் கண்ணில் படாமல் நடமாடினான். ஒருநாள் மதி சிரித்துக்கொண்டே வந்தாள். கருப்பில் ஓரிடத்தில் பொட்டு, வெள்ளையில் வேறிடத்தில். வித்தியாசம் பளிச்சென்று இருக்கிறதாம். ஆய்வேடும் அச்சாகிவிட்டது. 'திரு. துரை அவர்களுக்கு நன்றி.' அந்த வரியைத் தடவிப் பார்த்தபோது அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. குப்பிகளைப் பிரித்த தன் கண்ணும் லேசுப்பட்ட கண்ணல்ல என்று தோன்றியது.

லட்டு வாங்கிக்கொண்டு அத்திப்பட்டுக்குப் போனான். அவளுடைய வெள்ளைப் பன்றி புத்தகத்தில் ஏறிவிட்ட செய்தியை அங்கம்மாவிடம் சொன்னான். அவள் லட்டைப் பிட்டு நிதானமாக மென்றாள்.

"எங்கிட்ட ஏது நைனா வெள்ளை? நீ காட்டுனது சாம்பல் குட்டைல பொரண்டுகினு வந்த கருப்பு. ரெண்டும் ஒரே ஈத்து."