எனக்கு ஒன்னும் வேணாம்

'வேணாம்' என்று சொல்லிக்கொண்டே சாப்பிடுகிற ஓர் இனம் உண்டு. அதைப் பார்க்க நீங்கள் மிருகக்காட்சிசாலைக்கெல்லாம் போக வேண்டியதில்லை. ஜொகூர் பாருவில் பழைய மார்க்கெட் கட்டடத்தைப் புதுப்பித்து, மீன் வெட்டிய மேடைகளை எடுத்துவிட்டு, இரும்புத் தூண்களுக்குப் பச்சைச் சாயம் அடித்து, உள்ளே சாப்பாட்டுக் கடைகளாக நிரப்பியிருக்கிறார்களே, அங்கே ஒரு ஞாயிற்றுக்கிழமை போய் நின்றால் போதும்.

"என்ன சாப்பிடுறீங்க?" என்று கேட்டால், "எனக்கு ஒன்னும் வேணாம்லா, இப்பத்தான் சாப்பிட்டேன்" என்று பதில் வரும். நம்பிவிடாதீர்கள். மறுபடி கேட்க வேண்டும். "சரி, சும்மா ஒரு தே ஓ." பாலில்லாத அந்த டீயையும் நம்பாமல் மூன்றாம் முறை கையைப் பிடித்து, "நீங்க சாப்பிடலன்னா நானும் சாப்பிட மாட்டேன்" என்று மிரட்ட வேண்டும். அப்புறம் பாருங்கள், மீ ரெபுஸ் நூடுல்ஸ், செண்டோல் ஐஸ், அடுத்தவர் தட்டில் மிஞ்சிய அப்பளம் எல்லாம் இருந்த இடம் தெரியாது.

தெப்ராவ் செல்வராணி இந்த இனத்தில் முதல் தரம். தங்கை மலர் மறுபடி மறுபடி கேட்பதில் கெட்டிக்காரி. இருவரும் வெளியே போனால் ஆர்டர் கொடுப்பதற்குள் கடைக்காரனுக்கே பசித்துவிடும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அங்கே போனபோது மலர் வரவில்லை. மகன் ரூபேந்திரன் தான் கட்டிக்கொள்ளப்போகும் சுகந்தினியை அழைத்து வந்திருந்தான். சிலோன்காரக் குடும்பத்துப் பெண், பொந்தியான் ஊரில் பல் டாக்டர். கல்யாணத்துக்குப் பிறகு அங்கேதான் குடித்தனம். புது வீட்டில் கீழே ஓர் அறை காலி என்று மகன் சொல்லியிருந்தான். உடனே செல்வராணி அந்த அறை ஜன்னலுக்குத் திரைத்துணியே வாங்கிவிட்டார். தெப்ராவ் வீட்டில் தனியாக டிவியோடு பேசிப் பேசி அவருக்கு அலுத்துவிட்டது. வருகிறவள் தன் வாயால் ஒரு வார்த்தை கூப்பிட வேண்டும், அவ்வளவுதான்.

"ஆன்ட்டி, என்ன சாப்பிடுறீங்கள்?"

"எனக்கு ஒன்னும் வேணாம்மா. வயிறு ஃபுல்லா இருக்கு."

புடவை கட்டிய பரபரப்பில் காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூட இறங்கவில்லை.

"சரி ஆன்ட்டி," என்றாள் சுகந்தினி.

சரியா? என்ன சரி? செல்வராணி திகைத்துப்போனார். அந்தப் பெண் மேல் குற்றமில்லை. வலிக்கவில்லை என்று நோயாளி சொன்னால் நம்பி மேலே துளைக்கிற தொழில். அவள் வீட்டில் ஒருதரம் கேட்பார்கள், ஒருதரம் பதில் சொல்வார்கள். ரூபேந்திரனாவது கேட்டிருக்கலாம், காதலிக்கிற பிள்ளைக்கு அம்மாவின் வயிறு எங்கே ஞாபகம் வரும்?

ஜொகூர் லக்சா இரண்டு தட்டு வந்தது. ஸ்பகெட்டி மேல் கெட்டியான மீன் குழம்பு, ஆவி பறந்தது. செல்வராணியின் கை தானாக மகன் தட்டுக்குக் கிளம்பியது. வரப்போகிற மருமகள் முன்னாலா? பாதி வழியில் திரும்பி ஒரு டிஷ்யூவை எடுத்துக்கொண்டது. வயிறு போட்ட சத்தத்தை, நல்லவேளை, கூரையில் சுற்றிய பழங்காலத்து மின்விசிறி அமுக்கிவிட்டது.

சாப்பிட்டு முடித்ததும் சுகந்தினி அவர் கையைப் பிடித்தாள். மனதாரத்தான் கேட்டாள்.

"ஆன்ட்டி, நீங்கள் இனித் தனிய இருக்க வேண்டாம். எங்களோட வந்து இருங்கோ. கீழ் அறை உங்களுக்குத்தான்."

செல்வராணிக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. இந்த வார்த்தைக்குத்தானே வந்தார்? வாயைத் திறந்தார். ஆயுசுப் பழக்கம் முந்திக்கொண்டது.

"ஐயோ, எனக்கெதுக்கும்மா அதெல்லாம்? நீங்க சின்னஞ்சிறுசுங்க. எனக்கு ஒன்னும் வேணாம்."

சொல்லிவிட்டு, இரண்டாம் முறை கேட்பாள் என்று காத்திருந்தார்.

"சரி ஆன்ட்டி, உங்கட விருப்பம்," என்ற சுகந்தினி ரூபேந்திரன் பக்கம் திரும்பினாள். "அப்ப அந்த அறையில ட்ரெட்மில்லை வைப்பம்."

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். போன வாரம் பக்கத்து வீட்டில் "டீ போடட்டுமா?" என்றபோது "இப்பத்தான் குடிச்சேன்" என்று சொல்லிவிட்டு, அடுப்படியை ஏன் அப்படி எட்டி எட்டிப் பார்த்தீர்கள்? இனிமேலாவது, கேட்கிறவர் மறுபடி கேட்கக்கூடிய ஆள்தானா என்று பார்த்துக்கொண்டு 'வேணாம்' சொல்லுங்கள்.