வீட்டைவிட்டுப் போய்விட்டோம்

நறுக், நறுக் என்று பாக்குவெட்டிச் சத்தம். இடையிடையே ஓர் ஆண் குரல்: "வீ ஹாவ் லெஃப்ட் திஸ் ஹவுஸ்." மறுபடி நறுக். ஸ்ரீவில்லிபுத்தூரில் அந்தத் தெரு வழியே போனவர்களுக்கு இரண்டும் சேர்ந்தேதான் காதில் விழும்.

பாக்குவெட்டி மைமூன் பீவியுடையது. குரல், வீட்டோடு வந்து சேர்ந்த மருமகன் பீர் மைதீனுடையது.

நிக்காஹ் ஆகி எட்டு வருஷம். மாமனார் விட்டுப்போன பஞ்சுமண்டியை பீர் மைதீன் பார்த்தார். பீர் மைதீனை மாமியார் பார்த்துக்கொண்டார். எத்தனை மணிக்குப் பசிக்க வேண்டும், எந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்க வேண்டும் என்பதெல்லாம் அந்த அம்மாள் முடிவு. தனிக்குடித்தனம் என்று வாயெடுத்தால் மனைவி ஜெய்னப் முருங்கைக்காய் விலையைப் பற்றிப் பேசுவாள்.

அப்போதுதான் ராஜபாளையத்தில் பஞ்சு வாங்கும் துரைக்கு, பருத்தி விளைவிக்கும் சம்சாரிகளிடம் பேசி இங்கிலீஷில் எடுத்துச்சொல்ல ஆள் தேவை என்று தகவல் வந்தது. வேலை கிடைத்தால் அங்கேயே வீடு. மாமியாருக்கும் அவருக்கும் நடுவே முழுசாக ஏழு மைல்.

மதுரையிலிருந்து புத்தகம் வரவழைத்தார். இங்கிலீஷ் வாக்கியம் தமிழ் எழுத்தில் ஒரு பக்கம், அர்த்தம் எதிர்ப்பக்கம். ஒப்பிக்கும்போது சரிபார்க்க ஜெய்னப் கையில் கொடுத்தார்.

தமிழில் அடக்கமாகக் கடைசியில் வரும் வினைச்சொல், இங்கிலீஷில் பந்தி நடுவில் போய் உட்கார்ந்துகொண்டது. "வெள்ளைக்காரனுக்கு என்ன அவசரம் மச்சான்? என்ன சோறுன்னு சொல்லுமுன்னே தின்னுபுடுதான்" என்றாள் ஜெய்னப்.

"நீ எழுத்தை மட்டும் பாரு. அர்த்தம் உனக்கு எதுக்கு?"

'ஹாவ்' பாடம் வந்ததும் அவருக்கு உயிர் வந்தது. நாங்கள் இந்த வீட்டைவிட்டுப் போய்விட்டோம். இன்னும் போகவில்லைதான். ஆனால் சொல்லும்போதே போய்ச் சேர்ந்தாற்போல நெஞ்சு குளிர்ந்தது. மற்றப் பாடங்களை விட்டுவிட்டு, மாமியார் முகத்தைப் பார்த்தே அதை நாளுக்கு நூறு தடவை சொன்னார். மருமகன் எம்புட்டு அழகாகப் படிக்கிறார் என்று மைமூன் பீவி அக்கம்பக்கத்தில் சொல்லிப் பூரித்தார்.

புத்தகத்தின் எல்லா ஏடுகளிலும் மஞ்சள் கறை ஏறிக்கொண்டே வந்தது. குழம்புக் கையோடு பிடிக்கிறாளே என்று ஜெய்னப்பைக் கடிந்துகொண்டார்.

சந்தை நாளன்று ஆளைப் பார்க்கத் துரையே வீடு தேடி வந்துவிட்டார். பெண்கள் வழக்கம்போலத் திரைக்குப் பின்னால் போனார்கள். துரை நாற்காலியில் சாய்ந்து ஏதோ கேட்டார். பீர் மைதீன் எழுந்து நின்றார். படித்ததில் நாக்கில் மிஞ்சியது ஒன்றுதான்.

"வீ ஹாவ் லெஃப்ட் திஸ் ஹவுஸ்."

துரை வீட்டைச் சுற்றிப் பார்த்தார். பிறகு அவரைப் பார்த்தார்.

"நோ சார்" என்றது திரை, நிதானமாக. "ஹீ ஹாஸ் நாட் லெஃப்ட் திஸ் ஹவுஸ்."

அவிய இந்த வீட்டைவிட்டுப் போகவில்லை என்று அர்த்தம். துரை வாய்விட்டுச் சிரித்தார். அதன்பின் கேள்வியெல்லாம் திரையைப் பார்த்தே கேட்டார். கிருஷ்ணன்கோவில் பக்கத்துப் பஞ்சு வண்டிகள் வருவது இந்த ஊருக்குத்தான் என்றும், தன் கணவர் தொட்டே தரம் சொல்வார் என்றும் ஜெய்னப் சொன்னாள். வினைச்சொற்கள் எல்லாம் அவளுக்குக் கட்டுப்பட்டு நடுவில் உட்கார்ந்தன.

துரை பீர் மைதீனுக்குக் கைகொடுத்து நீளமாக ஏதோ சொன்னார். வேலை அவருக்குத்தான், ஆனால் ராஜபாளையம் வரவேண்டாம், இந்த வீட்டு முன்கட்டிலேயே இருந்து பார்க்கலாம், பேச்சுவார்த்தை இந்தத் திரைக்கு முன்னால்தான் நடக்கும் என்று ஜெய்னப் அவருக்குத் தமிழில் எடுத்துச்சொன்னாள்.

வண்டி போனதும் கேட்டார். "ஏட்டி, எழுத்தை மட்டுந்தானே பாக்கச் சொன்னேன்?"

"எழுத்தைத்தான் பாத்தேன் மச்சான். ரெண்டு பக்கத்துலயும் எழுத்துதான் இருந்துச்சு."

மைமூன் பீவி மருமகன் வாயில் சர்க்கரை போட்டார்.

பீர் மைதீன் அதற்குப் பிறகு இருபத்தாறு வருஷம் அந்த வீட்டிலேயே இருந்தார். ராஜபாளையத்துக்கு வருஷத்துக்கு ஒரு தடவை போய்வந்தார், மாமியாருக்கு மாம்பழம் வாங்க.