கருவாயனும் ஈஸ்ட் டப்பாவும்

ஒரு காட்டில் ஒரு சிறுத்தையார் இருந்தார். செவ்வாய் முருகனுக்கு, வெள்ளி அம்மனுக்கு, சனி பெருமாளுக்கு என்று விரதம் போக, மற்ற நாளெல்லாம் வாயுத் தொல்லை என்று கஞ்சி குடித்தது போக, ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் கறி சாப்பிடுவார். வேட்டைக்கெல்லாம் அலைய மாட்டார். காட்டிலுள்ள எல்லோருக்கும் முறை வைத்து டோக்கன் கொடுத்துவிட்டார். யாருடைய ஞாயிறோ, அவர்கள் காலையிலேயே குளித்துவிட்டுப் புளியமரத்தடிக்கு வந்து நிற்க வேண்டும்.

அந்தத் தடவை டோக்கன், கருவாயன் என்கிற நாய்க்கு வந்தது.

கருவாயனுக்குச் செவலை என்று ஒரு மனைவி. பால் குடி மாறாத நாலு குட்டிகள். ஊருக்குள் ஓடிப் பிழைக்கலாம் என்றால், அங்கே தெருவுக்குத் தெரு நாய்க்கூட்டம். வெளியூர் நாயை உள்ளே விடாது. கருவாயன் டோக்கனை முன்னங்காலில் வைத்துக்கொண்டு ஊளையிட்டான்.

"அழுது என்னங்க ஆகப்போகுது? இன்னும் நாள் கிடக்கு. நல்லாச் சாப்பிட்டு உடம்பைத் தேத்துங்க. அன்னிக்கு ஓடுறதுக்காவது தெம்பு வேணும்ல" என்றாள் செவலை.

சாப்பாட்டுக்குக் குறைவில்லை. காட்டோரத்தில் ஒரு கறிக்கடை இருந்தது. கழித்துப் போட்ட நல்லி எலும்பும் ஈரல் துண்டுமாகத் தினமும் கருவாயன் கவ்விக்கொண்டு வருவான். ஆளுக்குப் பாதி.

அந்த வாசம் பிடித்துத்தான் கோமதிநாயகம் வந்து சேர்ந்தார். கோமதிநாயகம் ஒரு குள்ளநரி. நகரத்துக் குப்பைமேட்டில் கொஞ்ச காலம் இருந்துவிட்டு வந்ததால், தன்னை 'ஊட்டச்சத்து ஆலோசகர்' என்று சொல்லிக்கொள்வார்.

"தம்பி, இந்தக் காலத்துல போய் எலும்பு திங்கிறியே! ஈஸ்ட் பொடி தெரியுமா? முழுக்க பி வைட்டமின். ரோமம் மினுங்கும். உண்ணி ஓடிப்போகும். காலு ரெண்டும் பறக்கும்" என்றார்.

"எனக்கு நாலு காலுங்க."

"நாலும் பறக்கும்."

கூடவே ஒரு டப்பாவை நீட்டினார். டப்பாமேல் சடை சடையாய் முடி வைத்த ஒரு வெளிநாட்டு நாய் பல்லைக் காட்டிச் சிரித்தது.

"நல்ல சாப்பாடு சாப்பிடுற நாய் இப்படிப் போட்டோவுக்குச் சிரிக்குமாங்க? எலும்பை விட்டுட்டு வாயைத் திறக்குமா?" என்றாள் செவலை. பிறகு டப்பாவை மோந்து பார்த்தாள். "ஊருக்குள்ள இட்லி மாவு புளிச்சா இதே வாசம்தான். அதை மோந்து பார்க்க யாரும் காசு கேக்குறதில்ல."

"நீ சும்மா இரு புள்ள. படிச்சவரு சொல்றாரு" என்றான் கருவாயன்.

கோமதிநாயகம் திரும்பி நின்று தன் வாலைக் காட்டினார். பட்டுப்புடவை மாதிரி பளபளத்தது. "இதெல்லாம் எதுனால? பொடி! ஆனா ஒரே பத்தியம். பொடி திங்கிறப்ப எலும்பு, ஈரல் கூடவே கூடாது. உன் பங்கை அப்படியே என்கிட்ட ஒப்படைச்சிடு. நான் பாதுகாப்பா அப்புறப்படுத்திடுறேன்."

அன்றிலிருந்து கருவாயன் தன் பங்கு எலும்பை நரியின் வாசலில் வைத்துவிட்டு, பொடியை நக்கிவிட்டுப் படுத்தான். செவலையின் பங்கையும் எடுக்க ஒருநாள் முன்னங்காலை நீட்டினான்.

"தொட்டீங்கன்னா காதைக் கடிச்சித் துப்பிருவேன். நாலு பேருக்குப் பால் சுரக்கணும். உங்க டப்பாவா வந்து கொடுக்கும்?"

கருவாயன் இளைத்தான். விலா எலும்பை வெளியே இருந்தே எண்ணலாம். வயிறு மட்டும் உப்பி, உள்ளே குடுகுடுவென்று ஏதோ உருண்டது. அவன் படுத்த பக்கம் காற்று வீசினால் குட்டிகள் மூக்கைப் பொத்திக்கொண்டு எதிர்ப்பக்கம் நகர்ந்தன.

"உண்ணி ஓடிப்போகும்னாரே, ஓடிச்சா?" என்று கேட்டாள் செவலை.

"ஓடுதே. இந்தக் காதுலேர்ந்து அந்தக் காதுக்கு."

"நீங்க எங்கயாவது ஓடிப் பாருங்க."

கருவாயன் எழுந்து ஓடிப் பார்த்தான். பக்கத்துப் புதர் வரைக்கும் போய், அங்கேயே உட்கார்ந்துவிட்டான். செவலை திரும்பிப் படுத்தாள். குட்டிகளை நக்கிக் கொடுத்துக்கொண்டே இருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. கருவாயன் குளித்துவிட்டு, கழுத்தில் ஈஸ்ட் டப்பாவைக் கட்டிக்கொண்டு புளியமரத்தடிக்குப் போனான். டப்பாவைப் பார்த்தாவது சிறுத்தையார் பயப்படட்டும் என்று நினைப்பு. பின்னாலேயே செவலையும் போனாள். கோமதிநாயகமும் வந்து ஓரமாக நின்றார். காரியம் முடிந்ததும் செவலையிடம் ஆறுதல் சொல்லி, அவள் பங்கையும் வாங்கிக்கொள்ளலாம் என்று அவருக்கு யோசனை.

சிறுத்தையார் வாழையிலையை விரித்துத் தண்ணீர் தெளித்துவிட்டுத் திரும்பினார். மூக்கு சுருங்கியது.

"என்னடா இது, புளிச்ச வாசம்?"

"கிட்ட வராதீங்க!" என்று கருவாயன் கத்தினான். "நான் ஈஸ்ட் பொடி தின்னு வளர்ந்த உடம்பு! முழுக்க பி வைட்டமின்! அடிச்சா தாங்க மாட்டீங்க!"

சிறுத்தையார் டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முகம் அஷ்டகோணலானது.

"பொடி போட்டு வளர்த்ததா? சீச்சீ! ஊசி போட்ட கோழி மாதிரியில்ல இருக்கும்! கறி சவசவன்னு, சாறே இறங்காது. எங்க வீட்டுல நாட்டு உருப்படி தவிர வேற நுழையாது. என் வீட்டுக்காரிக்குத் தெரிஞ்சா சட்டியைத் தூக்கி வெளிய எறிஞ்சிருவா. போ, போ!"

கருவாயன் அங்கேயே உட்கார்ந்தான். சிறுத்தையார் வெறும் இலையைப் பார்த்தார். பிறகு ஓரத்தில் பளபளத்த வாலைப் பார்த்தார்.

"அது யாரு, பட்டு மாதிரி?"

கோமதிநாயகம் ஓர் அடி பின்னால் வைத்தார். "ஐயா, நானும் பொடிதான்! மூணு வேளையும் பொடிதான்! இந்த ரோமமே அதுனால வந்ததுதான், காடு பூரா சொல்லியிருக்கேனே!"

"பொய்ங்க" என்றாள் செவலை, குரலை உயர்த்தாமல். "அதை அவரு மோந்துகூடப் பார்த்ததில்ல. எங்க வீட்டு நல்லி, எங்க வீட்டு ஈரல். நானே பார்த்து வயிறெரிஞ்சிருக்கேன். கலப்படமே இல்லாத உடம்புங்க."

சிறுத்தையார் மூக்கை நீட்டி ஒரு மோப்பம் பிடித்தார். கண் சொருகியது. "நல்லி வாசம்!"

கோமதிநாயகம் ஓடினார். பொடியே தின்னாமல் நாலு காலும் பறப்பதைக் காடே வேடிக்கை பார்த்தது.

சாயங்காலம் சிறுத்தையார் மட்டும் பல் குத்திக்கொண்டு திரும்பி வந்தார்.

அன்றிலிருந்து கருவாயன் எலும்புக்குத் திரும்பினான். செவலை அந்த டப்பாவைத் தூக்கி எறியவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் குட்டிகளுக்கு வயிறு முட்டப் பால் கொடுத்து, குளிப்பாட்டி, கன்னத்திலும் முதுகிலும் பவுடர் பூசுகிற மாதிரி ஈஸ்ட் பொடியை அப்பி விடுவாள். புருஷனுக்கும் ரெண்டு அப்பு. முயலும் மானும் வந்து, "அக்கா, ஒரு சிட்டிகை இருந்தா கொடேன்" என்று வரிசையில் நின்றன.

"ஊர்ல எங்க பாரு கலப்படம்" என்று சலித்துக்கொண்டே, சிறுத்தையார் ஞாயிற்றுக்கிழமையும் கஞ்சி குடித்தார்.

நீதி: சத்தானதைத் தின்னுங்கள், ஆனால் தின்றது வெளியே தெரியாதபடி மேலுக்குக் கொஞ்சம் பொடி பூசிக்கொள்ளுங்கள்.