காலைச் சாரலின் முதல் அரை மணி நேரம்

சோனாப்பூர், துபாய்
9-3-2007, வெள்ளிக்கிழமை

'காலைச் சாரல்' நிகழ்ச்சியின் தயாரிப்பாளர் ஐயா அவர்களின் மேலான கவனத்துக்கு,

வணக்கம். தாங்களும், தங்கள் குடும்பத்தாரும், ஷியாமளா அம்மையாரும், அவர் உட்காரும் சோபாவும் ஒரு குறையுமில்லாமல் இருக்க வேண்டும் என்று நினைத்து எழுதுவது, கமுதி பன்னீர்செல்வம், ஷட்டரிங் கார்பென்டர், அதாவது கான்கிரீட்டுக்குப் பலகை அடிக்கிறவன். வெளிநாட்டிலிருந்து எழுதுகிறவன் சுகம் என்று எழுதுவதுதான் மரியாதை. ஆகவே சுகம்.

ஐயா, உங்கள் நிகழ்ச்சியின் சரித்திரம் உங்களைவிட எனக்கு நன்றாகத் தெரியும். 2001-ல் ஆரம்பித்தபோது ஒரு மேஜை, ஒரு பிளாஸ்டிக் ரோஜா, ஆவி வராத ஒரு காப்பிக் கோப்பை, அவ்வளவுதான். ஷியாமளா அம்மையார் முதல் வாரம் முழுக்க வேறு எங்கேயோ பார்த்துத்தான் வணக்கம் சொன்னார். 2003-ல் சோபா வந்தது, அதில் உட்கார ஜோசியரும் வந்தார். அப்புறம் சமையல், அப்புறம் டாக்டரம்மா. எல்லாம் என் கண் முன்னால் வளர்ந்தவை. ஆனால் முதல் அரை மணி நேரம் மட்டும். அங்கே ஆறரை என்றால் இங்கே ஐந்து. எங்கள் தொழிலாளர் கேம்ப் வாசலில் கீழக்கரை கலீலுர் ரஹ்மான் பாய் கடை டிவியில், டீயும் கையுமாக நின்று பார்ப்பேன். ஐந்தரைக்குக் கம்பெனி பஸ். டிரைவர் ஒரு பட்டாணியர், "யல்லா, ஜல்தி" என்று அவசரப்படுத்தி ஹார்னில் கை வைத்தால் எடுக்க மாட்டார். ஆகையால் இத்தனை வருஷத்தில் ஒரு பண்டத்தையாவது அடுப்பிலிருந்து இறக்கி நான் பார்த்ததில்லை. வெங்காயம் வதங்கிக்கொண்டே இருக்கும், நான் போய்விடுவேன். என் ராசி மீனம். ஜோசியர் கன்னியைத் தாண்டுவதற்குள் பஸ் வந்துவிடும்.

மீதியை வெள்ளிக்கிழமை போனில் என் மனைவி பத்மா சொல்வாள். கல்யாணமாகி ஏழு வருஷத்தில் நாங்கள் சேர்ந்து இருந்தது மொத்தம் ஐந்து மாதம். சாப்பிட்டீர்களா, சாப்பிட்டேன் என்று முடித்துவிட்டால் போன் கார்டில் இன்னும் இருபது நிமிஷம் இருக்கும். அதை நிரப்பியது உங்கள் நிகழ்ச்சிதான். அதைவிட, அவள் பார்க்கிற அதே நேரத்தில் நானும் பார்க்கிறேன் என்கிற நினைப்பு. அந்த அரை மணி நேரம் நான் அவள் பக்கத்தில்தான் இருந்தேன் ஐயா.

ஒரு பொய்யும் சொல்லியிருக்கிறேன், உங்களிடம் மறைப்பானேன். இருட்டோடு பஸ் ஏறுகிறேன் என்று தெரிந்தால் அழுவாள். அதனால் எட்டு மணிக்குத்தான் டியூட்டி, பாதி நிகழ்ச்சியில் தூக்கம் கண்ணைச் சுற்றுவதால் திரும்பப் படுத்துவிடுகிறேன் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

இப்படி நடந்துகொண்டிருந்த குடும்பத்தில்தான் டிசம்பரில் மண் விழுந்தது. "ஒரு நேயர் சகோதரி அன்போடு கேட்டுக்கொண்டதால் திங்கள் முதல் ஏழு மணிக்கு" என்று ஷியாமளா அம்மையார் சிரித்துக்கொண்டே அறிவித்தார். ஏழு என்றால் இங்கே ஐந்தரை. உங்கள் பாட்டு ஆரம்பிக்கும், எங்கள் பஸ் கிளம்பும். ஒரு நாள் வயிற்றுவலி என்று சொல்லிப் பஸ்ஸை இரண்டு நிமிஷம் நிறுத்தி வைத்தேன், அந்த இரண்டு நிமிஷமும் நீங்கள் விளம்பரம் போட்டீர்கள். பாயிடம் என்ன நடந்தது என்று கேட்டால், "ஒரு பொம்புள சிரிச்சிச்சு, என்னமோ வதக்கிச்சு" என்கிறார். போன மாதம் பத்மா, டாக்டரம்மா சொன்னதைக் கேட்டீர்களா என்றாள். கேட்டேன், அன்றைக்கே கடைப்பிடிக்க ஆரம்பித்துவிட்டேன், உடம்பு நன்றாக இருக்கிறது என்றேன். டாக்டரம்மா பேசியது தாய்ப்பாலைப் பற்றியாம். பிறகு அவளே, கடைச் சத்தத்தில் சரியாகக் கேட்டிருக்காது என்று எனக்காக ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டாள். அதற்கப்புறம் போனில் இருமிக்கொண்டிருக்கிறோம்.

அந்தச் சகோதரி யாரோ, ஊர் உறங்க வேண்டும் என்று நினைத்த அந்த மகராசி சுடுகிற இட்லி தினமும் கல்லாகப் போகட்டும். அவருக்காக ஒன்றும் வேண்டாம் ஐயா, எனக்காக ஆறரைக்கே திரும்பி வாருங்கள். உங்கள் காமிராக்கள் பழுதில்லாமல் ஓடட்டும், சோபாவுக்குப் புது உறை கிடைக்கட்டும்.

இப்படிக்கு,
முதல் பாதி நேயர்,
க. பன்னீர்செல்வம்

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்கு முன் ஊருக்குப் போன் போட்டேன். யார் அது என்று நானே கேட்பேன் என மூன்று மாதமாகக் காத்திருந்து, பொறுக்காமல் இன்றைக்கு அவளே சொல்லிவிட்டாள். அந்தச் சகோதரி பத்மாதான். என் வீட்டுக்காரரால் அந்நேரத்துக்குக் கண் விழிக்க முடியவில்லை, அரை மணி தள்ளிப் போடுங்கள் என்று உங்களுக்கு எழுதினாளாம். "இப்பல்லாம் நல்லாத் தூங்கி எந்திரிச்சு முழுசாப் பாக்குறீங்கள்ல?" என்றாள். "பாக்குறேன் பத்மா" என்றேன்.

ஆகவே மேலே எழுதியது எதையும் கணக்கில் கொள்ள வேண்டாம். நிகழ்ச்சி ஏழு மணிக்கே இருக்கட்டும். இட்லி சாபத்தையும் திரும்ப வாங்கிக்கொள்கிறேன், இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை அதைத் தின்னப் போகிறவன் நான். ஒரே ஓர் உதவி: அந்தந்த வாரம் என்ன வதக்கினீர்கள், டாக்டரம்மா யாருக்கு என்ன சொன்னார், மீனத்துக்கு என்ன பலன் என்று நாலு வரி எழுதி, வெள்ளிக்கிழமைக்குள் கிடைக்கிற மாதிரி பாய் கடை விலாசத்துக்குப் போடுங்கள். அவளோடு பேச வேண்டும்.